வெளிநாட்டிலிருந்து போன் வரவழைத்தால், வாசலுக்கு வரும்போது என்ன விலை?

சிங்கப்பூரில் கைத்தொலைபேசிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. மதுபானம், புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றுக்குத்தான் இங்கே தீர்வை. போனுக்குக் கட்ட வேண்டியது பொருள் சேவை வரி மட்டும். அது 2023 ஜனவரியில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1 முதல் 9 ஆகவும் உயர்ந்தது. கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் வெளிநாட்டிலிருந்து போன் வாங்கிப் பணத்தை இழப்பவர்கள் நிறைய. வரியால் இழப்பது குறைவு. வரியை எதன்மேல் கணக்கிடுகிறார்கள், யார் வசூலிக்கிறார்கள், வந்து சேரும் போன் இங்கே அழைப்பு எடுக்குமா என்பவற்றை முன்கூட்டிப் பார்க்காததால் இழப்பதுதான் அதிகம்.

முதலில் 400 வெள்ளிக் கோடு. அஞ்சலிலோ விமானக் கூரியரிலோ வரும் பொருளின் மொத்த மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டாவிட்டால் எல்லையில் வரி இல்லை. இந்த மதிப்பு என்பது போனின் விலை மட்டும் அல்ல. பொருளின் விலை, அனுப்பும் கட்டணம், காப்புறுதி மூன்றும் சேர்ந்ததுதான் சுங்கத்துறை பார்க்கும் மதிப்பு. கூரியர்காரர்கள் இதைச் ‘சிஐஎஃப்’ என்பார்கள். கோட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 401 வெள்ளி என்றால் அந்த 401 வெள்ளிக்கும் வரி.

390 வெள்ளிப் போனை 10 வெள்ளி அஞ்சலில் அனுப்பச் சொன்னால் மொத்தம் 400, வரி இல்லை. அதே போனை அவசரமாக வேண்டும் என்று 30 வெள்ளிக் கூரியரில் கேட்டால் மொத்தம் 420, வரி 37.80 வெள்ளி. அதோடு கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும். இரண்டு நாள் முன்னதாக வருவதற்கு இது பெரிய விலை. போனோடு உறை, திரைக்கவசம், இன்னொரு கேபிள் என்று ஒரே கூடையில் போட்டுக் கோட்டைத் தாண்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அவற்றை இங்கே சிம் லிம் ஸ்குவேரிலோ அக்கம்பக்கக் கடையிலோ வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டு நாணயத்தை வெள்ளியாக மாற்றும்போது சுங்கத்துறை தான் வெளியிடும் மாற்று விகிதத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் கடன் அட்டையின் விகிதம் வேறு. கணக்குப் போட்டு 398 வெள்ளி என்று நிம்மதியாக இருப்பவருக்கு அது 402 ஆக வந்து நிற்கலாம். பத்துப் பதினைந்து வெள்ளியாவது இடைவெளி விட்டுக்கொள்வது நல்லது.

400 வெள்ளிக்குள் இருந்தாலும் வரி வரும் இடம் ஒன்று உண்டு. 2023 ஜனவரி 1 முதல், சிங்கப்பூரில் வரிக்குப் பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்களும் இணையச் சந்தைகளும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு விற்கும்போதே வரியை வசூலிக்க வேண்டும். உலகளாவிய விற்பனை ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளிக்கு மேலும், சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்கான விற்பனை 100,000 வெள்ளிக்கு மேலும் இருந்தால் பதிவு கட்டாயம். ஆகவே பெரிய இணையச் சந்தையில் 380 வெள்ளிப் போன் எடுத்தால் பணம் செலுத்தும் பக்கத்திலேயே 9 விழுக்காடு சேர்ந்துவிடும். சந்தையில் கடை வைத்திருப்பவர் ஷென்ஜெனில் ஒற்றை ஆளாக இருந்தாலும் சரி, வரியைப் பொறுத்தவரை சந்தைதான் விற்பனையாளர். 400 வெள்ளிச் சலுகை முழுமையாகக் கிடைப்பது பதிவு செய்யாத சிறு விற்பனையாளரின் சொந்த இணையத்தளத்தில் நேரடியாக வாங்கும்போதுதான். ஆனால் அங்கே வாங்குவோருக்குப் பாதுகாப்பும் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. விற்பனையாளர் வசூலிக்கும் இந்த வரிக்கான 400 வெள்ளிக் கோட்டை ஒவ்வொரு பொருளின் விலையை வைத்துத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், அனுப்பும் கட்டணத்தைச் சேர்க்காமல். எல்லையில் பார்ப்பதோ முழுப் பொட்டலத்தின் மதிப்பு, அனுப்பும் கட்டணத்தோடு. இரண்டு அளவுகோலும் ஒன்றல்ல என்பதால் இரட்டை வரிக்கு வழி பிறக்கிறது. 300 வெள்ளிப் போன் இரண்டு, உங்களுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று ஒரே பொட்டலத்தில் வருகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 400க்குள் இருப்பதால் சந்தை ஏற்கெனவே வரி வாங்கிவிட்டது. எல்லையில் பொட்டலம் 600 வெள்ளி. விற்பனையாளர் தன் வரிப் பதிவு எண்ணையும் வரி கட்டப்பட்டது என்ற குறிப்பையும் கூரியருக்குக் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. கொடுக்கத் தவறினால் இரண்டாம் முறை வரி கேட்பார்கள்.

அப்படி நடந்தால் கூரியரின் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. எல்லையில் கட்டியதற்கான ரசீதை எடுத்துக்கொண்டு விற்பனையாளரிடம்தான் போக வேண்டும். விற்கும்போது வாங்கிய வரியை அவர்தான் திருப்பித் தர வேண்டியவர். அதற்கு உங்களிடம் வரித்தொகை தனியாகக் குறிக்கப்பட்ட விலைப்பட்டியல் இருக்க வேண்டும். எனவே பணம் செலுத்தியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தப் பட்டியலைப் பதிவிறக்கி வைப்பது. சில தளங்களில் பொருள் வந்த பிறகு அதைத் தேடி எடுப்பது சிரமம்.

400 வெள்ளிக்கு மேற்பட்ட போன்களுக்குக் கதை வேறு. அங்கே வரியை எல்லையில் வசூலிப்பதுதான் பொது விதி. ஆனால் விற்பனையாளர் எந்த முறையில் அனுப்புகிறார் என்று பாருங்கள். ‘டிடிபி’ என்றால் வரியை அவரே கட்டி அனுப்புகிறார். நீங்கள் கொடுத்த விலைக்கு மேல் எதுவும் வராது. ‘டிஏபி’ அல்லது பழைய பெயரில் ‘டிடியு’ என்றால் வரி உங்கள் பொறுப்பு. தளத்தில் இது எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஏபி முறையில் வரும் பொட்டலத்துக்குக் கூரியர் நிறுவனமே உங்கள் சார்பில் இறக்குமதி அனுமதி எடுத்து, வரியை முன்பணமாகக் கட்டிவிட்டு, பிறகு உங்களிடம் கேட்கும். அந்த முன்பணச் சேவைக்கு ஒரு கட்டணம் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். வாங்குவதற்கு முன்பே அந்தக் கூரியரின் சிங்கப்பூர்த் தளத்தில் கட்டணப் பட்டியலைத் திறந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அஞ்சலில் வந்தாலும் 400ஐத் தாண்டிய பொட்டலத்துக்கு இதே போன்ற கையாளும் கட்டணம் உண்டு.

இப்போது ஒரு முழுக் கணக்கு. இங்கே கடையில் வரியோடு 1,299 வெள்ளிக்கு விற்கும் போன் ஹாங்காங்கில் 1,100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 199 வெள்ளி மிச்சம் போலத் தெரியும். அனுப்பும் கட்டணம் 35. மொத்த மதிப்பு 1,135. அதில் 9 விழுக்காடு 102.15. கடன் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.25 விழுக்காடு என்றால் 36.89. எல்லாம் சேர்ந்து 1,274.04. மிச்சம் 25 வெள்ளிக்கும் குறைவு. கூரியரின் முன்பணக் கட்டணத்தையும் கூட்டினால் அதுவும் கரைந்துவிடும். உள்ளூர் உத்தரவாதம் இல்லாத போனுக்கு இந்த மிச்சம் போதாது. வாசலுக்கு வந்து சேர்ந்த விலைக்கும் இங்குள்ள கடை விலைக்கும் குறைந்தது 15 விழுக்காடு வித்தியாசமாவது இருக்க வேண்டும், அல்லது அந்த மாடல் இங்கே விற்கப்படாததாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வரவழைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

எந்த நாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பதும் இந்தக் கணக்கை மாற்றும். ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை, அதனால் அங்கே பார்க்கும் விலை வரியில்லாத விலை. ஜப்பானில் காட்டும் விலையில் 10 விழுக்காடு நுகர்வு வரியும், பிரிட்டனில் 20 விழுக்காடும் அடங்கியிருக்கும். ஏற்றுமதிக்கு அதைக் கழித்துத் தரும் விற்பனையாளர் கிடைத்தால் மட்டுமே லாபம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறும். ஒரிகனில் விற்பனை வரி இல்லாததால்தான் வாங்கிய பொருளைப் பெற்றுக்கொண்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் அங்கே கிடங்கு வைத்துக்கொள்ள விரும்புகின்றன. இந்தியாவில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி விலையிலேயே இருக்கிறது, பயணிக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. சென்னையில் வாங்கி இங்கே கொண்டுவருவது பெரும்பாலும் கட்டுப்படியாகாததற்குக் காரணம் இதுதான்.

பொட்டலத்தின்மேல் 50 வெள்ளி என்றோ ‘அன்பளிப்பு’ என்றோ எழுதித் தருவதாகச் சில விற்பனையாளர்கள் தாங்களாகவே சொல்வார்கள். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். அன்பளிப்புக்கும் அதே 400 வெள்ளிக் கோடுதான்; பழைய போனுக்கும் அதேதான். மதிப்பைக் குறைத்துக் காட்டி வரியை ஏய்ப்பது குற்றம். நிரூபிக்கப்பட்டால் ஏய்த்த தொகையைப்போல் 20 மடங்கு வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். அது ஒருபுறம் இருக்க, பொட்டலம் வழியில் தொலைந்தால் இழப்பீடு எழுதிய மதிப்புக்குத்தான் கிடைக்கும். ஆயிரம் வெள்ளிப் போனுக்கு ஐம்பது வெள்ளி. மதிப்பில் சந்தேகம் வந்தால் சுங்கத்துறை ஆதாரம் கேட்கும். அப்போது பொட்டலம் நகராது. விலைப்பட்டியல், பணம் செலுத்திய சான்று, பொருளின் பக்கத்தைக் காட்டும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) மூன்றையும் ஒரே கோப்பாக வைத்திருந்தால் கேட்ட அன்றே அனுப்பிவிடலாம்.

கையில் கொண்டுவருபவர்களுக்கு

பயணிகளுக்கான விதி அஞ்சல் விதியிலிருந்து வேறுபட்டது. 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பினால் 500 வெள்ளி வரை சலுகை. அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளிதான். இங்கே சலுகைத் தொகையைக் கழித்த பிறகு மிச்சத்துக்கு மட்டும் வரி. ஜொகூர் பாருவுக்குக் காலையில் போய் 1,000 வெள்ளிப் போனோடு மாலையில் திரும்பினால் 900 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 81 வெள்ளி. கோலாலம்பூரில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தால் 45.

வேலை அனுமதி அட்டை, வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை, நீண்டகால வருகை அட்டை வைத்திருப்போருக்கு இந்தப் பயணிச் சலுகை கிடையாது. அவர்கள் அதே போனுக்கு முழு 90 வெள்ளி கட்ட வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பும் தம்பிமார்களுக்கு இது தெரிவதே இல்லை. கூட வரும் குடிமகனான நண்பர் சொல்லும் விதி தனக்கும் பொருந்தும் என்று நினைத்து, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிடுகிறார்கள். புதிய போன் பெட்டியோடு இருந்தால் சுங்கத்துறையின் இணையச் செயலியில் முன்கூட்டியே அறிவித்துப் பணத்தைக் கட்டிவிடலாம். இல்லாவிட்டால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லலாம். இங்கிருந்து நீங்களே எடுத்துப்போய்ப் பயன்படுத்தும் போனுக்கு வரி இல்லை. ஆனால் அது புத்தம்புதியதாகத் தெரிந்தால் இங்கே வாங்கிய ரசீதின் படம் கையில் இருப்பது நல்லது.

வந்த போன் பேசுமா?

வரியைவிடப் பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூரில் 2ஜி 2017இல் நிறுத்தப்பட்டது. 3ஜி 2024இல் விடைபெற்றது. முன்பெல்லாம் 4ஜியில் அழைப்பு எடுக்க முடியாத போன் தானாகவே 3ஜிக்கு இறங்கிப் பேசவைக்கும். இப்போது இறங்க இடமில்லை. 4ஜியிலேயே குரல் அழைப்பு எடுக்க உதவும் ‘வோல்ட்டி’ வசதி இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டமைப்போடு பொருந்தாவிட்டால் இணையம் வேகமாக ஓடும், வாட்ஸ்அப் ஒலிக்கும், ஆனால் சாதாரண அழைப்பு போகாது, வராது. அவசர எண்களான 995க்கும் 999க்கும் அழைக்க முடியாத போனை வயதான பெற்றோர் கையில் கொடுப்பது ஆபத்து.

போனில் வோல்ட்டி இருக்கிறது என்று விவரப் பட்டியலில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டுக்காகச் செய்த மென்பொருளில் நம் ஊர் நிறுவனத்தின் அமைப்புக் கோப்பு இருக்க வேண்டும். ஐபோனில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. சீனாவுக்காகச் செய்த ஆண்ட்ராய்டு போன்களிலும், அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்கும் போன்களிலும்தான் அதிகம் வருகிறது. சில ஷியாவ்மி மாடல்களில் *#*#86583#*#* என்று அழுத்தினால் தொலைத்தொடர்பு நிறுவனச் சரிபார்ப்பு அணைந்து வோல்ட்டி தெரியும். இது தயாரிப்பாளர் உறுதியளிக்கும் வழி அல்ல. மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு மறுபடி போகலாம்.

அலைவரிசைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே 4ஜிக்கு பி3, பி7, பி8, பி28. 5ஜிக்கு என்1, என்28, என்78. இதில் என்78 இல்லாவிட்டால் 5ஜி போன் வாங்கியதன் பயன் பெரும்பகுதி போய்விடும். பி28, என்28 இரண்டும் 700 மெகாஹெர்ட்ஸ். மின்தூக்கி, அடித்தளக் கார் நிறுத்துமிடம் போன்ற இடங்களில் அலை உள்ளே நுழைவதற்கு இதுதான் உதவும். ஒரே பெயரில் விற்கும் போன் நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண்ணோடு வரும், எனவே பெயரை வைத்துத் தேடாமல் மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே இல்லை, இ-சிம் மட்டும்தான். ஊருக்குப் போகும்போது சாதாரண சிம் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு அது சரிவராது. ஹாங்காங் மாடல்களில் பலவற்றில் இரண்டு சிம் போடக்கூடிய தட்டு உண்டு. நம்மவர்கள் பலர் அவற்றைத் தேடுவது இதற்காகத்தான்.

சீன மென்பொருளோடு வரும் போனில் அமைப்பு மொழியாகத் தமிழ் பெரும்பாலும் இருக்காது, சீனமும் ஆங்கிலமும்தான். அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது, விற்பவரே போனின் மென்பொருள் பூட்டைத் திறந்து உலகப் பதிப்பு மென்பொருளை ஏற்றி அனுப்புவது. அப்படிப்பட்ட போனில் அரசாங்க மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸும் வங்கிச் செயலிகளும் இயங்க மறுக்கலாம். தட்டிக் கட்டணம் செலுத்தும் வசதியும் போய்விடும். போன் வந்ததும் பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘பற்றி’ என்ற பகுதியைத் திறந்து, சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லை என்று காட்டினால் அன்றே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் போட்டுவிடுங்கள்.

மின்கலத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. விமானத்தில் அனுப்பும் லித்தியம் மின்கலத்துக்கு, ஒரு கலத்துக்கு 20 வாட்-மணி என்ற எல்லை இருக்கிறது. அதற்குள் இருந்தால் எளிய விதிகள் போதும். தாண்டினால் முழு அபாயப் பொருள் நடைமுறை. 5,000 எம்ஏஎச் மின்கலத்தை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19.25 வாட்-மணி, எல்லைக்குள். 6,000 எம்ஏஎச் என்றால் 23.1, எல்லைக்கு வெளியே. அந்த 6,000ஐ இரண்டு கலமாகப் பிரித்து வைத்திருந்தால் மறுபடி உள்ளே வந்துவிடும். பெரிய மின்கலம் கொண்ட புதிய சீனப் போன்களைச் சில அனுப்பும் நிறுவனங்கள் கிடங்கிலேயே நிறுத்திவைப்பதற்குக் காரணம் இது. வாங்கும் முன் அந்த நிறுவனத்திடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தனி மின்கலத்தையும் பவர் பேங்கையும் போனோடு சேர்த்து வாங்கவே வேண்டாம்.

சார்ஜர் பெட்டியில் இருந்தால் அது இரண்டு முள் உள்ளதாக இருக்கலாம். தேக்காவில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் மாற்றுச் செருகியைப் போட்டு இரவு முழுக்கச் சுவரில் விடுவதைவிட, பாதுகாப்பு முத்திரை உள்ள மூன்று முள் சார்ஜரை இங்கேயே வாங்குவது மேல்.

பொட்டலம் வழியில் இருக்கும் நாள்களில்தான் ‘சுங்க வரி 2.99 வெள்ளி பாக்கி’ என்ற மோசடிக் குறுஞ்செய்தியில் மாட்டுவது எளிது. உண்மையிலேயே ஒரு பொட்டலத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், விற்பனையாளர் கொடுத்த கண்காணிப்பு எண்ணைக் கூரியரின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். உண்மையான வரிக் கோரிக்கையில் அந்த எண்ணும், மதிப்பும், 9 விழுக்காட்டுக்குப் பொருந்தும் தொகையும் இருக்கும். முழுப் பொட்டலமும் 1,135 வெள்ளி என்றால் வரி 102.15தான், 2.99 எங்கிருந்து வரும்? சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799இல் கேட்கலாம்.

போன் வந்த அன்று பெட்டியைத் திறப்பதைப் படம்பிடித்துக்கொண்டு, *#06# அழுத்தி, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இந்தோனேசியாவைப்போல ஐஎம்இஐ எண்ணைப் பதிவுசெய்யும் கட்டாயம் இங்கே இல்லை, எனவே சிம்மைப் போட்டதும் சோதிக்கலாம். வீட்டில் ஒருவருக்கு அழைத்து, பேசும்போது மேலே 4ஜி அல்லது 5ஜி அடையாளம் நிற்கிறதா என்று பாருங்கள். அடையாளம் மறைந்தாலோ அழைப்பு உடனே துண்டித்தாலோ வோல்ட்டி வேலை செய்யவில்லை. அவசர எண்களை அழைத்துச் சோதிக்கக் கூடாது. வை-ஃபையை அணைத்துவிட்டு அடுத்தவரை உங்களுக்கு அழைக்கச் சொல்லியும் பாருங்கள், வெளியே போகும் அழைப்பு சரியாக இருந்து உள்ளே வருவது மட்டும் கிடைக்காத போன்களும் உண்டு.

திருப்பி அனுப்ப நேர்ந்தால் விற்பவர் போனின் விலையைத் தருவார். எல்லையில் நீங்கள் கட்டிய வரி அவர் கையில் இல்லை. பழுது பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பினால், அது திரும்பி வரும்போது புதிய போனாகக் கருதப்படாமல் இருக்க, போனதற்கான ஆவணம் வேண்டும். அனுப்பும்போது பழுதுபார்ப்புக்காக என்று தெளிவாகக் குறித்து, ஐஎம்இஐ எண்ணையும் எழுதி, முதலில் வரி கட்டிய ரசீதின் நகலைப் பொட்டலத்துக்குள் ஒன்றும் உங்களிடம் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள்.